முகமூடிக்குப் பின்னால் ஒரு சிரிப்பு

அன்று மஃரிப் தொழுகை முடிந்து வீடு திரும்பிய நேரம். ஜம்பட்டா வீதிப் பக்கமிருந்து ஒரு தாய் தன் மகனையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மகனுக்குப் பதினைந்து வயது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவன். உள்ளறையில் என் மனைவியோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்த அந்தத் தாய், கடைசியில் கதவோரம் வந்து நின்று சொன்னார்:

"ஹஸரத், இவன் ராவெல்லாம் போனைப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு ஈக்கிறான். என்னண்டு கேட்டா ஒண்ணுமில்லண்டு சொல்றான். வாப்பாவும் சவூதியில. எனக்கிண்டா ஒண்ணும் வெளங்குதில்ல. நீங்களாச்சும் கேட்டுப் பாருங்க."

ஆபாசப் படமாக இருக்கலாம் என்று தாய் பயந்திருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பையனைத் தனியே இருத்தி, கோபப்படாமல், "மகன், நீ சிரிச்சதை எனக்கும் காட்டு, நானும் சிரிக்கிறேன்" என்றேன். வெகுநேரம் தயங்கிவிட்டுக் காட்டினான். ஆபாசம் இல்லை. கணினி விளையாட்டு ஒன்றை ஆடுபவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் குழு அது. அங்கே எவருக்கும் சொந்தப் பெயர் இல்லை. நம் பையன் ஒரு சிங்களப் பெயரை வைத்திருந்தான். திரையில் பச்சைத் தவளை ஒன்றின் சித்திரம். தவளையின் கையில் துப்பாக்கி. பின்னணியில் ஒரு பள்ளிவாசல். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அவற்றில் ஒன்று இவன் போட்டது.

"இது எந்தப் பள்ளிவாசல் தெரியுமா?"

"தெரியும் ஹஸரத். நியூசிலாந்து."

"அங்கே ஜும்ஆவுக்குப் போனவங்கள சுட்டதும் தெரியும்தானே? பிறகு ஏன் சிரிச்ச?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "சிரிக்காட்டி நான் ஆரெண்டு கண்டுபிடிச்சிருவாங்க."

சகோதரிகளே, இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். நஹ்வும் ஸர்ஃபும் கேட்டால் விடை சொல்வேன். அந்தப் பிள்ளையின் இந்த ஒரு வாக்கியத்துக்கு அன்றிரவு என்னிடம் விடை இருக்கவில்லை. அந்தத் தவளை எங்கிருந்து வந்தது, அந்தச் சிரிப்பு எங்கே கற்றது என்பதைத் தேடிப் பார்த்தேன். அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று தோன்றியது.

பெயரில்லாத சந்தி

நம் ஊர்ச் சந்திகளில் இளைஞர்கள் கூடி நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அரட்டை அடிப்பார்கள், கேலி பேசுவார்கள். ஆனால் எல்லை மீறினால் கடைக்கார நானா ஒருவர் எட்டிப் பார்த்து, "டேய், நீ இன்னாருடைய மகன்தானே?" என்பார். அத்தோடு வாய் அடங்கும். பெயர் தெரிந்த இடத்தில் வெட்கம் இருக்கிறது. வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது அல்லவா?

இணையத்தில் பெயரே தெரியாத சந்திகள் உண்டு. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் '4சான்' என்ற ஒரு பலகையைத் தொடங்கினான். ஜப்பானியச் சித்திரப் படங்களைப் பகிர்வதுதான் அவன் நோக்கம். அங்கே எழுத எவரும் பெயர் பதிய வேண்டியதில்லை. எழுதுபவர் எல்லோருக்கும் 'அனாமதேயர்' என்ற ஒரே பெயர். எழுதியது நிலைத்து நிற்பதும் இல்லை. புதியது வரப் பழையது மறைந்துவிடும். ஆகவே கவனம் பெற வேண்டுமானால் முந்தியவனைவிடத் துணிச்சலாக, முந்தியவனைவிடக் கேவலமாக ஏதாவது சொல்ல வேண்டும். இன்று பெண்களைக் கேலி செய்தால் நாளை கறுப்பினத்தவரை; மறுநாள் யூதரை; அதற்கடுத்து முஸ்லிம்களை. யாராவது தட்டிக் கேட்டால், "பகிடிதானே, ஏன் கோபப்படுகிறாய்?" என்று அவரையே முட்டாளாக்குவார்கள். பகிடி என்பது அங்கே ஒரு கேடயம்.

அந்தப் பச்சைத் தவளைக்கும் ஒரு கதை உண்டு. 2005ஆம் ஆண்டளவில் மட் ஃபியூரி என்ற அமெரிக்க ஓவியர் வரைந்த ஒரு சாதுவான சித்திரப் பாத்திரம் அது. அதன் பெயர் பெப்பே. இந்தச் சந்திகளில் நின்றவர்கள் அதை எடுத்து நாஸி உடை அணிவித்தார்கள். கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். தன் தவளையை மீட்க அந்த ஓவியர் வழக்குகள்கூடத் தொடுத்தார். சாதுவான ஒன்றை வெறுப்பின் அடையாளமாக்கிச் சிறுவர்களின் கையில் கொடுப்பதுதான் இவர்களுடைய வழி. பிள்ளை முதலில் பார்ப்பது வெறும் தவளையைத்தான்.

2013இல் இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த '8சான்' தோன்றியது. அதை உருவாக்கிய ஃபிரெட்ரிக் பிரென்னன் என்பவரே 2019இல், தான் உருவாக்கியதை இழுத்து மூட வேண்டும் என்று பகிரங்கமாகக் கூறினார். அந்நிலைக்கு அவரைத் தள்ளியது எது?

சிரிப்பில் தொடங்கிய கொலை

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய நிலையத்திலும் ஜும்ஆவுக்குக் கூடியவர்களை ஓர் அவுஸ்திரேலிய இளைஞன் சுட்டான். ஐம்பத்தொரு பேர் ஷஹீதானார்கள். புறப்படுவதற்கு முன் அவன் 8சானில் தன் கூட்டத்தாருக்கு அறிவித்தல் எழுதினான். தலையில் கட்டிய கமெரா மூலம் கொலையை முகநூலில் நேரலையாகக் காட்டினான். அவன் எழுதி வைத்த நீண்ட அறிக்கை, அந்தச் சந்திகளில் நின்றவர்களுக்கு மட்டும் விளங்கும் பகிடிகளால் நிறைந்திருந்தது. அவன் தன் பார்வையாளர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே கொன்றான்.

முகநூல் நிறுவனம் பின்னர் ஒரு விபரத்தை வெளியிட்டது. அந்தப் பதினேழு நிமிட நேரலையை அந்நேரத்தில் பார்த்தவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. அவர்களில் ஒருவர்கூட அது ஓடிக்கொண்டிருக்கும்போது முறையிடவில்லை. முதலாவது முறைப்பாடு வந்தது நேரலை முடிந்து பன்னிரண்டு நிமிடங்களுக்குப் பிறகு. அடுத்த இருபத்துநான்கு மணித்தியாலங்களில் அந்தப் படத்தின் பதினைந்து இலட்சம் பிரதிகளை நீக்க வேண்டியிருந்தது.

அந்த இருநூறு பேரும் கொலைகாரர்கள் அல்லர். அவர்களில் சிலர், "சிரிக்காட்டி என்னைக் கண்டுபிடிச்சிருவாங்க" என்று எண்ணிய பிள்ளைகளாகவும் இருந்திருக்கலாம்.

அவனது அறிக்கையின் சாரம் என்ன? முஸ்லிம்கள் அதிகம் பிள்ளை பெறுகிறார்கள், வெள்ளையர் தொகை குறைகிறது, நாளை நம் நாடு அவர்களுடையதாகிவிடும் என்பதே. இந்தப் பல்லவியை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? அதற்குப் பிறகு வருகிறேன்.

பெண்களை ஏலம் போட்டவர்கள்

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். பக்கத்து இந்தியாவில் நடந்ததைக் கேளுங்கள்.

2021 ஜூலை மாதம், முஸ்லிம் பெண்கள் எண்பதுக்கும் மேற்பட்டோரின் படங்களை எடுத்து, 'இன்றைய பேரம்' என்று காட்டும் ஓர் இணையச் செயலி வெளிவந்தது. அதன் பெயரிலேயே முஸ்லிம் பெண்களை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல் இருந்தது. பொலிஸில் முறைப்பாடு செய்தும் மாதக்கணக்கில் யாரும் பிடிபடவில்லை. 2022 ஜனவரி முதலாம் திகதி, புத்தாண்டுக் காலையில், 'புல்லி பாய்' என்ற பெயரில் அது மீண்டும் வந்தது. இம்முறை ஏறத்தாழ நூறு பெண்கள். பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், செயற்பாட்டாளர்கள் என்று வாய் திறந்து பேசுகிற பெண்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2016இல் டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலிருந்து காணாமற்போன மாணவன் நஜீபின் தாயார் பாத்திமா நஃபீஸின் படமும் அதிலிருந்தது. பெற்ற மகனைத் தேடித் தெருத்தெருவாய் அலைந்த முதிய தாயைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

உண்மையில் யாரும் விற்கப்படவில்லை; பணம் கைமாறவும் இல்லை. பேசத் துணிந்த பெண்ணை வெட்கப்படுத்தி வீட்டுக்குள் ஒடுக்குவதுதான் நோக்கம். பத்திரிகையாளர் இஸ்மத் ஆரா தன் படத்தைக் கண்டு ஒடுங்கவில்லை. டில்லிப் பொலிஸில் முறைப்பாடு செய்தார். அதைப் பகிரங்கமாகவும் சொன்னார். மும்பையிலும் முறைப்பாடு பதிவாயிற்று. சில நாட்களில் கைதுகள் தொடங்கின.

கைதானவர்கள் யார்? பெரிய தாடி மீசை வைத்த தலைவர்களா? இல்லை. கல்லூரி மாணவர்கள். இருபது, இருபத்தொரு வயது. ஒருவர் பதினெட்டு வயதுப் பெண். இன்னொரு பெண் சமூகத்தை ஏலம் போடும் வேலையில் ஒரு பெண்ணே துணை நின்றதாகப் பொலிஸார் கூறியபோது பலருக்கு நம்ப முடியவில்லை. சீக்கியர்கள் செய்ததுபோல் தோன்ற வேண்டும் என்று சீக்கியப் பெயர்களில் கணக்குகளைத் திறந்திருந்ததாகவும் பொலிஸார் தெரிவித்தனர். ஒரு சமூகத்தைக் கேவலப்படுத்தி, பழியை வேறொரு சமூகத்தின் மேல் போடும் தந்திரம்!

அதன் பிறகுதான் இந்தியப் பத்திரிகையாளர்கள் சிலர் இவர்களின் உலகத்துக்குள் எட்டிப் பார்த்து எழுதினார்கள். இவர்கள் தம்மை 'ட்ராட்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். பாரம்பரியவாதிகள் என்று பொருள். முஸ்லிம்கள், தலித்துகள், கிறிஸ்தவர்கள், சுதந்திரமாகப் பேசும் இந்துப் பெண்கள் எல்லோர்மீதும் இவர்களுக்கு வெறுப்பு. ஆளும் கட்சியே இவர்கள் கண்ணில் போதாது; பிரதமரையே 'மௌலானா மோடி' என்று பரிகசிப்பவர்கள். இவர்களின் சித்திரங்களிலும் அதே பச்சைத் தவளை, காவியுடை அணிந்து நின்றது. அமெரிக்கச் சந்தியில் கற்ற பகிடி அப்படியே இந்திய உடை மாற்றிக்கொண்டது.

2022 மார்ச் மாதம் அந்த இரண்டு செயலிகளையும் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞர்களுக்கு டில்லி நீதிமன்றம் பிணை வழங்கியது. படத்தில் இடம்பெற்ற பெண்களுக்கோ, ஒவ்வொரு புதிய செய்தி ஒலியும் இன்றும் நெஞ்சை அடிக்க வைக்கிறது.

வந்த பெத்தி

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நமக்கு இதற்கென்று தனியான 'சான்' தேவைப்படவில்லை. முகநூலே போதுமாக இருந்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே இருபது சிங்கள முகநூல் பக்கங்களையும் குழுக்களையும் ஆராய்ந்து, அங்கே முஸ்லிம்களுக்கு எதிராகப் பரவும் வெறுப்பைப் பற்றி நூல் வெளியிட்டு எச்சரித்தது. அளுத்கமையும் பேருவளையும் எரிந்ததும் அதே ஆண்டு ஜூனில்தான். எச்சரிக்கையை அந்த நிறுவனமும் கேட்கவில்லை, ஆட்சியாளரும் கேட்கவில்லை.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. கறியில் மாவுக்கட்டி ஒன்று கிடந்ததைக் காட்டி, சிங்களவரை மலடாக்கும் 'வந்த பெத்தி' மாத்திரை போட்டாயா என்று கேட்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத அந்தக் கடைக்காரர், சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு நடுங்கி ஏதோ தலையாட்டினார். அதைப் படம் பிடித்து முகநூலில் ஏற்றினார்கள். அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அரச பகுப்பாய்வாளரின் பரிசோதனையிலும் அது மாவுதான் என்றே தெரிந்தது. ஆனால் மாவு என்று தெரிவதற்குள் நெருப்பு வேலையை முடித்திருந்தது.

ஒரு கிழமை செல்லவில்லை, திகன, தெல்தெனிய. வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மரணமானார். அது கண்டிக்கத்தக்க குற்றம். அதற்குச் சட்டம் இருந்தது. ஆனால் முகநூலில் அழைப்பு விடுத்து வெளியூர்களிலிருந்து ஆட்களைக் கூட்டினார்கள். வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். அவசரகாலச் சட்டம் வந்தது. மார்ச் 7ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. முஸ்லிம்களைக் கைக்குழந்தையையும் விடாமல் அழிக்கச் சொன்ன ஒரு சிங்களப் பதிவைப் பற்றி முறையிட்டவருக்கு, அது தம் விதிகளை மீறவில்லை என்று நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. இரண்டு வருடம் கழித்து, 2020 மே மாதத்தில், அந்த வன்முறையில் தம் தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்கு மன்னிப்பு கூரையாகுமா?

அவர்கள் வேறு, இவர்கள் வேறு என்று தோன்றலாம். ஆனால் மேலே நான் நிறுத்தி வைத்த பல்லவியை இப்போது நினைத்துப் பாருங்கள். கிறைஸ்ட்சர்ச் கொலைகாரனின் பயமும் அம்பாறை வந்த பெத்தியும் ஒன்றுதான். 'இவர்களுடைய பெண்கள் பெற்றுப் பெருகி நம்மை அழித்துவிடுவார்கள்' என்ற பயம். அந்தப் பயத்தின் மையத்தில் இருப்பது நம் வீட்டுப் பெண்ணின் கருப்பை. 2019 மே மாதம் குருநாகல் வைத்தியசாலை வைத்தியர் ஷாஃபி, ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாக மலட்டுச் சிகிச்சை செய்தார் என்று ஒரு சிங்கள நாளிதழ் எழுதியதும், அவர் கைதானதும், இரண்டு மாதம் சிறையிலிருந்ததும், அந்தக் குற்றச்சாட்டுக்குச் சான்று இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றில் கூறியதும் உங்களுக்கு நினைவிருக்கும். மாத்திரைக்குப் பதில் கத்தி, கதை ஒன்றே.

நம் வீட்டு முற்றம்

இவ்வளவும் மற்றவர் செய்தது. இத்தோடு பேனாவை மூடிவிட்டால் நான் நேர்மையாளன் அல்லன். ஏனெனில் நான் கொச்சிக்கடையில் வாழ்கிறேன்.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. எங்கள் அந்தோனியார் கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்த காலையில் குண்டு வெடித்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதிலிருக்கிறது. நாடெங்கும் அன்று கொல்லப்பட்டவர்கள் 260க்கும் மேல். செய்தவர்கள் கலிமாச் சொன்ன பெயர்களைக் கொண்டவர்கள். அவர்களின் தலைவன் ஸஹ்ரான், காத்தான்குடியில் பிறந்தவன். அரபுக் கல்லூரியில் ஓதப்போய் இடையில் வெளியேற்றப்பட்டவன். முகநூலிலும் யூடியூபிலும் நம் தமிழிலேயே பேசிப் பேசி ஆள் சேர்த்தான். முதலில் மற்ற முஸ்லிம்களைக் கேலி செய்தான். தர்ஹாவுக்குப் போகிறவர்களை ஏசினான். பிறகு காஃபிர் என்றான். பிறகு கொல்லலாம் என்றான். ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் அவன் குடும்பத்தார் தம் சொந்தக் குழந்தைகளையும் சேர்த்து வெடித்துச் சிதறினார்கள். படிகளைக் கவனியுங்கள். தவளைக் கூட்டத்தார் ஏறிய அதே படிகள். கேலி, இழிவு, வெறுப்பு, கொலை.

அப்போது பாதுகாப்பு இராஜாங்க அமைச்சராக இருந்த ருவான் விஜேவர்தன, இது கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பழிவாங்கல் என ஆரம்ப விசாரணைகள் காட்டுவதாக நாடாளுமன்றத்தில் கூறினார். அதற்கான சான்று எதையும் தாம் காணவில்லை என்றது நியூசிலாந்து அரசு. எது எப்படியோ, ஒரு வெறுப்பு மற்ற வெறுப்புக்குத் தீனி. இருவரும் எதிரிகள்போல் தெரிவார்கள். உண்மையில் ஒருவர் இல்லாமல் மற்றவரால் வாழ முடியாது.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில், ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒற்றை வரி, தாக்கப்போகிறார்கள் என்ற மிரட்டலாகத் தவறாக விளங்கப்பட்டுக் கலவரம் மூண்டது. மறுநாள் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை எங்கும் பரவியது. அந்த நாட்களில் எனக்கு ஒரு குரல்பதிவு வந்தது. ஒரு கூட்டம் லொறிகளில் எங்கள் பக்கம் வருகிறது, பெண்களை அப்புறப்படுத்துங்கள் என்று அழுத குரல். அழுகுரல் பொய் சொல்லாது என்று நம்பினேன். விசாரிக்காமல் எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அன்றிரவு எங்கள் ஒழுங்கையின் பெண்கள் எல்லோரும் குழந்தைகளோடு ஒரே மாடி வீட்டில் விளக்கணைத்துக் கிடந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இருட்டில் படியேறி மயங்கி விழுந்தாள். எந்த லொறியும் வரவில்லை. அந்தப் பதிவு வேறோர் ஊரைப் பற்றியது. அல்லாஹ்வின் கருணையால் தாயும் பிள்ளையும் நலம். ஆனால் ஒரு மௌலவி அனுப்பியது என்பதால்தானே அவர்கள் நம்பினார்கள்? அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

அன்னையவர்களின் ஒரு மாதம்

முகமில்லாத வதந்தியின் வலி நம் சமூகத்துக்குப் புதியதல்ல. பனூ முஸ்தலிக் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் தொலைந்த கழுத்துமாலையைத் தேடப்போய்ப் பின்தங்கிய அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள்மீது மதீனாவில் அவதூறு கிளப்பப்பட்டது. கிளப்பியவன் முன்னால் வரவில்லை. பிறர் வாயில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். ஏறத்தாழ ஒரு மாதம் அந்தப் பேச்சு ஊருக்குள் சுற்றியது. நயவஞ்சகர் மட்டுமா பேசினார்கள்? நல்ல முஸ்லிம்கள் சிலரும் கேட்டதைச் சொன்னார்கள். ஸூரத்துந் நூர் அவர்களையும் கண்டிக்கிறது.

அந்த நிகழ்ச்சியில் இரண்டு பெண்களை மறக்கக்கூடாது. ஒருவர் அபூ அய்யூப் அன்ஸாரி (ரழி) அவர்களின் மனைவி. ஊர் பேசுவதை அவர் கணவரிடம் கேட்டபோது, நீ இருந்தால் இதைச் செய்திருப்பாயா என்று கணவர் திருப்பிக் கேட்டார். மாட்டேன் என்றார். அப்படியானால் உன்னைவிடச் சிறந்த ஆயிஷா செய்வாரா என்றார் கணவர். வதந்தி அந்த வீட்டு வாசலோடு செத்தது. மற்றவர் ஸைனப் (ரழி). சக்களத்தி; சொந்தச் சகோதரியே அவதூறு பேசியவர்களில் ஒருத்தி. இருந்தும் ஆயிஷாவைப் பற்றி நல்லதைத் தவிர எதுவும் அறியேன் என்று நின்றார். ஒன்றையும் அனுப்பாமல் நிறுத்திவைத்த இரண்டு பெண்களை வரலாறு இத்தனை நூற்றாண்டாய் நினைவில் வைத்திருக்கிறது.

தாய்மாருக்குச் சில வார்த்தைகள்

முதலாவது, போனைப் பறிப்பதில் தொடங்காதீர்கள். பறித்தால் பிள்ளை நண்பனின் போனில் பார்ப்பான். உங்களிடம் சொல்வதை மட்டும் நிறுத்துவான். பக்கத்தில் இருந்து, "எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். காட்டினால், "இதில் பகிடி எது? இதைப் பார்த்து அழுபவர் யார்?" என்று கேளுங்கள். விளக்க முடியாத பகிடி தானே செத்துவிடும்.

இரண்டாவது, இரவில் அறைக்குள் தனியே போன் வேண்டாம். வாப்பா வெளிநாட்டிலுள்ள வீடுகளில் இந்தச் சட்டத்தை வாப்பாவின் வாயாலேயே சொல்ல வையுங்கள். தனிமையான பிள்ளையைத்தான் இந்தச் சந்திகள் அணைத்துக்கொள்கின்றன. அங்கே கிடைக்கும் 'மச்சான்' என்ற சொல் வீட்டில் கிடைத்தால் அவன் அங்கே போகமாட்டான்.

மூன்றாவது, நம் பிள்ளைகள் பிறரைக் கேலி செய்யும்போதும் அதே கண்டிப்பு வேண்டும். நம் வட்ஸ்அப் குழுக்களில் பன்சலையையும் கோவிலையும் சிலுவையையும் வைத்து எத்தனை பகிடிகள் ஓடுகின்றன! ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகசிப்பதை ஸூரத்துல் ஹுஜுராத் தடுத்தபோது, பெண்களைத் தனியாகவும் பெயர் சொல்லித் தடுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டவன் கொண்டுவரும் செய்தியை விசாரிக்காமல் ஏற்று, ஒரு சமூகத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற எச்சரிக்கையும் அதே ஸூராவில்தான் இருக்கிறது.

நான்காவது, உங்கள் படத்தையோ மகளின் படத்தையோ யாராவது இழிவுபடுத்தினால் மறைத்துவிடாதீர்கள். குற்றம் உங்களுடையதல்ல. அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுத்து, திகதியோடு பாதுகாத்து, நம்பகமான ஒருவரின் துணையோடு பொலிஸுக்கும் அந்தத் தளத்துக்கும் முறையிடுங்கள். சட்டம் எப்போதும் நம் பக்கம் நிற்கும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். 2020 ஏப்ரலில், வெறுப்புக்குப் பேனாவாலும் விசைப்பலகையாலும் பதில் சொல்வோம் என்று எழுதிய ரம்ஸி ராஸிக் என்ற சகோதரரையே கைது செய்து ஐந்து மாதம் சிறையில் வைத்தார்கள். ஆனால் 2023இல் உயர் நீதிமன்றம், அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து, நட்டஈடு கொடுக்கவும் உத்தரவிட்டது. பொறுமையோடு தட்டினால் சில கதவுகள் திறக்கின்றன.

அந்தப் பையனுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். அன்றிரவு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பின் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தோனியார் கோயில் பக்கம் நடந்தேன். செவ்வாய் என்றால் அங்கே எல்லாச் சமயத்தாரும் வருவார்கள். வெளியே மெழுகுதிரி விற்கும் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். குண்டு வெடித்த அன்று தனக்குத் தெரிந்தவர்களைப் பறிகொடுத்தவர். என்னைக் கண்டதும், "மௌலவி, சுகமா? இது ஆர்ர பிள்ளை?" என்றார். சொன்னேன். அவன் உம்மாவை அவருக்குத் தெரியும். "அட, அவட மகனா? சின்னப் பிள்ளையில கண்டது. உம்மாவுக்கு முழங்கால் நோ எப்பிடி, மகன்?" என்று கேட்டு, அவன் தலையைத் தடவினார்.

திரும்பி வரும்போது பையன் பேசவில்லை. நான்தான் சொன்னேன்: "மகன், உன் பெயர் தெரிஞ்சவங்க உன்னை வெறுக்கல்ல. உன் பெயர் தெரியாதவங்களுக்காக நீ ஏன் உன்னையே பார்த்துச் சிரிக்கிற?" கிறைஸ்ட்சர்ச்சில் துப்பாக்கியோடு வந்தவனைப் பள்ளிவாசல் வாயிலில் நின்ற ஒருவர் 'சகோதரரே' என்று அழைத்து வரவேற்றதையும் சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் கொலைகாரனின் பகிடிகள் அத்தனையும் எவ்வளவு சிறியவை!

பையன் இப்போது அந்தக் குழுவில் இல்லை என்று தாய் சொல்கிறார். விளையாட்டை விடவில்லை, பெயரை மட்டும் மாற்றிவிட்டானாம். தன் சொந்தப் பெயரைப் போட்டிருக்கிறானாம். ஓரிருவர் ஏசினார்களாம். ஒருவன் மட்டும், கண்டியைச் சேர்ந்த சிங்களப் பிள்ளையாம், "மச்சான், நீயும் இவ்வளவு நாள் பயந்துகொண்டா இருந்தாய்?" என்று கேட்டானாம்.

மனிதர் கண்ணுக்குப் பெயரை மறைக்கலாம். மறைவையும் வெளிப்படையையும் அறிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். அதை ஒரு பாடமாக மட்டும் ஓதாமல், இரவு பத்து மணிக்குக் கையில் போனோடு படுத்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக் கொடுப்போம். அதைச் செய்ய உம்மாமாரைவிட ஏற்றவர் வேறு யார் இருக்கிறார்கள்?